சீல் பிரிக்காத பெட்டி

ஜூலை 9, செவ்வாய்

இன்று அக்கா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து, நான் வேலை செய்யும் பதுளைக் கம்பியூட்டர் கடைக்கு வந்தாள். மகள் ஜெனியின் உயர்தரப் படிப்புக்கு ஒரு கம்பியூட்டர் வேண்டும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டித் தருகிறேன், அதுதான் நாள்பட உழைக்கும் என்றேன்.

"பூட்டுனது வேணாம் தம்பி. நம்ம லயத்து வீட்டுக்கு வந்ததெல்லாம் யாரோ பாவிச்சிக் கழிச்சதுதான். தொர பங்களா கட்டிலு, கிளாக்கர் வீட்டு டீவி. புள்ள ஒன்னையாவது புதுசா பெட்டியப் பிரிச்சி எடுக்கட்டும்."

பாகமெல்லாம் புதுசுதான் அக்கா என்றேன். "பெட்டி இல்லியே" என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். அவள் கொண்டுவந்த பணத்துக்கு அதுதான் சரியாக வந்தது. முதலாளி பக்கத்தில் நின்றே பில் எழுதினார். நானே பெட்டியை இறக்கி அவள் கையில் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டபோது அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துப் போட்ட கம்பியூட்டர். போன வாரம் அதைத் துடைத்து, புதுப் பெட்டியில் வைத்து, சீல் ஒட்டியது நான்தான்.

இரவு ஏழு மணிக்கு ஜெனி எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, இன்னும் பிரிக்கல. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி பாதர் மந்திரிச்ச பின்னாடிதான் பிரிக்கணுமாம். நீங்க பக்கத்துல நிக்கணும்னு அம்மா சொல்லிருச்சி."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.