கோடிச் சேலை வருமுன் மூட்டிய தீ

12.5.2024, ஞாயிறு

சாயங்காலம் காரைக்குடி நாடகத்தில் என்னோடு இருந்தவர்கள்: மகன் முத்தரசு, அவன் பெண்டாட்டி கல்யாணசுந்தரி, பேத்தி கீர்த்தி, பக்கத்து வீட்டுச் சரஸ்வதி. மேடையில் வேல்பாண்டி.

அவன்தான் என்று முதலில் தெரியவில்லை. முகமெல்லாம் ரோஸ் பவுடர், தலையில் கிரீடம். வாயைத் திறந்தான், தெரிந்துபோச்சு. செத்துப்போன என் மகள் செந்தாமரையின் புருசனுக்கு அண்ணன்.

பொய்யே சொல்லாத ராசாவாம். அவனா?

சுடுகாட்டுக் கட்டம் வந்தது. காவல் நிற்கிற ராசா, பிள்ளையைத் தூக்கி வந்தவளிடம் கோடித் துணி இல்லாமல் எரிக்க விடமாட்டேன் என்கிறான்.

என்ன வாய்டா உனக்கு! 1998, ஆவணி ஒன்பது, கொத்தமங்கலம். என் பிள்ளையை அவள் புருசன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். தாய் வீட்டுக் கோடி போர்த்தாமல் ஒருத்தியையும் சிதையில் ஏற்ற மாட்டார்கள். அரக்குச் சேலையோடு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். சாம்பல்தான் இருந்தது. பக்கத்தில் இவன். “அடுப்பு வெடிச்சிருச்சு அத்தை.” எரித்த பிறகு எதைக் காட்டிக் கேஸ் கொடுக்க?

மேடையில் எப்படி ஏறினேன்? அவன் கைக்கம்பைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போட்டேன். “கோடி வர்ற வரைக்கும் என் மகளை வைக்க மாட்டியாடா, நாசமாப் போறவனே!” மூன்று அடி. முதல் அடிக்குச் சனம் கைதட்டியது, நாடகம் என்று. பவுடர் மேலே ரத்தம் வழிந்த பிறகுதான் கத்தினார்கள். முத்தரசு என் கையைத் திருகி இழுத்தான்.

13.5.2024

கை வீங்கியிருக்கிறது. வீங்கட்டும்.

14.5.2024, செவ்வாய்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மண்டையில் ஆறு தையலோடு வேல்பாண்டி. “கேஸ் வேண்டாம் சார்” என்றான்.

முத்தரசு வண்டி எடுக்கப் போனதும் என் பக்கம் வந்தான். “அடுப்பு வெடிச்சுதுன்னு சொன்னது நாந்தான் அத்தை. அதுக்கு இன்னும் நாலு போடுங்க. ஆனா கோடி வரட்டும்னு தடுத்தவனும் நாந்தான். மூட்டச் சொன்னது யாருன்னு உங்க வீட்டுல கேளுங்க.”

என் வீட்டிலா? அன்றைக்கு எனக்கு முன்னால் வண்டியில் போனது ஒரே ஆள் —

15.5.2024

சாப்பிட்டுக்கொண்டிருந்த முத்தரசிடம் கேட்டேன். “மூட்டச் சொன்னது நீயாடா?”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “ஆமா. நீ வந்து பாத்திருந்தா போலீசுக்குப் போயிருப்ப. தை மாசம் எனக்குக் கல்யாணம். கேஸு, கோர்ட்டுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?”

கல்யாணசுந்தரி பரிமாற எடுத்த கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். தன் கல்யாணம் எப்படி நடந்ததென்று அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

தட்டைப் பிடுங்கி அவன் மூஞ்சியில் எறிந்தேன். புருவம் கிழிந்தது. துடைத்துவிட யாரும் வரவில்லை.

26.5.2024, ஞாயிறு

கோட்டையூர், தங்கச்சி வீடு. கீர்த்தி டவுன் பஸ்ஸில் வந்தாள்.

“அப்பா அழுகுறாரு அப்பத்தா. மன்னிச்சிருன்னு சொல்லச் சொன்னாரு.”

“அழுகட்டும். நான் செத்தா கொள்ளி நீ வை. உங்கப்பன் அங்குட்டு வரவே கூடாது.”

“பொம்பளப் பிள்ளை வைக்கலாமா?”

“செத்தது நான். நான் சொல்றேன், வை.”

அழுதுகொண்டே சிரித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

வேல்பாண்டியை விட்டுவிட்டேன். கொளுத்தினவன் மறுவருஷமே லாரியில் அடிபட்டுச் செத்தான். மிச்சம் ஒரே பேர். நான் வைத்த பேர்தான். முத்தரசு.