பின்பாதி

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

இத்துடன் துப்பறியும் நாவலின் முன்பாதி வருகிறது. செங்கல் கனம் இருந்த புத்தகம். காய்கறிக் கத்தியால் முதுகில் ஒரே இழுப்பு. உன் அண்ணன் பார்க்கச் சகிக்காமல் பால்கனிக்குப் போய்விட்டார். "புத்தகத்தை அறுக்கிற பொம்பளைங்களை வேற எங்கயும் பார்த்ததில்லை" என்று அங்கிருந்தே புலம்பல். ஒரே புத்தகத்துக்கு நாம் இருவரும் அடித்துக்கொண்ட காலத்தில் சமாதானத்துக்காக ஆரம்பித்த வழக்கம் இது என்று அவருக்கு எங்கே புரியப்போகிறது? நீ வேலை கிடைத்து ஊர் மாறினாலும் எனக்கு அதை விட மனமில்லை. முன்பாதியை நான் முடித்தால் உனக்கு. நீ அதை முடிப்பதற்குள் பின்பாதியும் வந்துவிடும்.

இந்த மாதம் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். பேய்க்கதைத் தொகுப்பைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போகக்கூட உன் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டேன். தேனீக்களைப் பற்றி ஒன்று படித்தேன். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிற ஒவ்வொருத்தியையும் ராணியா, வேலைக்காரியா என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் உனக்கு அனுப்பியாகிவிட்டது.

ஒரு குறை உண்டு. போன மாதம் அனுப்பிய கடற்பயணப் புத்தகத்தில் வரும் கேப்டனைக் கரித்துக் கொட்டி நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். நீ எழுதியது "நன்றாக இருந்தது அண்ணி" என்று ஒரே வரி. முன்பெல்லாம் சும்மா விடுவாயா? நீ வேலைக்குப் போகிற, பல் செட் செய்கிற இடத்தில் உன் நாக்கையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களா?

உன் அண்ணி

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணி,

கோபித்துக்கொள்ளாதீர்கள். சோம்பலால் எழுதாமல் இல்லை. சண்டை இங்கேயே தீர்ந்துவிடுகிறது. விடுதியில் என் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். வேலை முடிந்து வந்தாலும் காதில் சைரன் ஓய்வதில்லையாம். ஒருநாள் நான் கடல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, "சத்தமாப் படியேன், நானும் கேக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் வாசிப்புதான்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு புத்தகமே தொடாதவள் அண்ணி. ஆனால் அந்தக் கேப்டன் நல்லவன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பேய்க்கதைக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். துப்பறியும் நாவலில் எனக்கு இளைய மருமகன் மேல் சந்தேகம், அவளுக்கு மருந்துக்கடைக்காரர் மேல். முன்பாதி முடிந்து இரண்டு பேரும் தவிக்கிறோம், பின்பாதியைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்களுக்கு நல்ல ரசனை என்று அவள் சொல்லச் சொன்னாள்.

உங்கள் வாலு

பிப்ரவரி 11

வாலு,

உன் ஆம்புலன்ஸ்காரி கொடுத்த சான்றிதழ் கிடைத்தது. ரொம்பச் சந்தோஷம்.

தேனீப் புத்தகமும் திரும்பி வந்தது. ஒரு பக்கத்தில் ஓரம் மடித்திருக்கிறது. நாம் அறுப்போம், என்றைக்காவது மடித்திருக்கிறோமா? ஆண் தேனீக்களைக் கூட்டை விட்டுத் துரத்துகிற இடத்தில் பென்சிலால் "பாவம்" என்று வேறு எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் எனக்கும்தான் பாவமாக இருந்தது, நான் எழுதியா வைத்தேன்? ரப்பரால் அழித்தேன். முழுதாகப் போகவில்லை.

மூடி மறைப்பானேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோமே, எனக்கு ஒரு வரி வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாயா? காய் நறுக்கும்போது ஆசையாகக் கேட்டால், "உங்க பாதியை நீங்க படிங்க அண்ணி" என்பாய். நேற்று வந்தவளுக்கு மட்டும் தினமும் வாசிப்பு. நான் இரண்டு பேருக்காகத்தான் புத்தகத்தை அறுத்தேன். மூன்றாவது ஆளுக்காக இல்லை.

பின்பாதியை நான் இன்னும் முடிக்கவில்லை. கடையில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. அவள் காத்திருக்கட்டும்.

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

அண்ணனிடம் போனில் பேச்சுவாக்கில் கேட்டேன். நீங்கள் எப்போதோ படித்து முடித்து, பொட்டலம் கட்டி பீரோமேல் வைத்திருப்பதாகச் சொன்னான். அவனைத் திட்டாதீர்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பொறுத்துப் பார்த்தோம், முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கதையின் முடிவை நாங்களே கட்டிவிட்டோம். காலையில் ஆரம்பித்தவர்கள் சாப்பிடக்கூடப் போகவில்லை. அவள் விசாரணை அதிகாரி, மற்ற எல்லாரும் நான். கட்டில்மேல் ஏறி நின்று கத்தியதில் வார்டன் வந்து கதவைத் தட்டினார். கொலையாளி யாரென்று தீர்மானமானதும் அவள் அழுதுவிட்டாள். தினம் தினம் எவ்வளவோ பார்க்கிறவள், அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அதனால் பின்பாதி இனி வேண்டாம் அண்ணி. அதைப் படித்தால் எங்கள் முடிவு கெட்டுவிடும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதல்முறையாகக் காசு கொடுத்து ஒரு கவிதைப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறாள். அறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நாளைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது.

உங்கள் வாலு

மார்ச் 20

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோனது தப்பாகிவிட்டது. அதையே நினைத்துக்கொண்டு ஒருவருடைய கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பிகளை இடம்வலம் மாற்றித் திருகிவிட்டேன். முதலாளி முன்னால் அந்த மனிதர் அதை மாட்டிக்கொண்டு நின்ற கோலத்தைச் சொல்லி மாளாது.

ஆமாம், முடித்துவிட்டுத்தான் பொய் சொன்னேன். உனக்குக் கிடைக்கக்கூடாது என்று இல்லை, அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்று பீரோமேல் ஏற்றினேன். கொஞ்ச நாள் திருப்தியாகவும் இருந்தது. பிறகு அந்த முடிவோடு நான் மட்டும் தனியாக வீட்டுக்குள் உலாவினேன். தாங்காமல் உன் அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டு மின்விசிறியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அந்த முடிவு துளியும் பிடிக்கவில்லை வாலு. அதைச் சொல்லிச் சண்டை போட இங்கே ஒரு ஆள் இல்லை.

கொலையாளி யாரென்று உனக்குச் சொல்லமாட்டேன், பயப்படாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன். கையில் எந்தப் பாதியும் இருக்காது. நீங்கள் கட்டிய முடிவை எனக்கு முதலிலிருந்து, வாய்விட்டுச் சொல்லிக் காட்டு.

அவளும் இருக்கட்டும். விசாரணை அதிகாரி இல்லாமல் எப்படி? ஆனால் உன் பக்கத்தில் நான்தான் உட்காருவேன்.

உன் அண்ணி