முறித்துப் பார்த்த போஞ்சி

பச்சைப் போஞ்சிக்காயின் மணம் இன்னும் என் விரலில் இருக்கிறது. கை கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், போகவில்லை. உன் செத்தவீட்டுக்கு வந்து, கடைசி வரிசையில் நின்று, முகம் பார்க்காமலே திரும்பியவள் நான். உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்றைக்கு அந்தச் சந்தைக்காரன் எழுத வைத்துவிட்டான்.

நான் வன்னியிலிருந்து வந்து சேர்ந்தது 2010இல். நீ அதற்குப் பத்து வருஷம் முந்தியே பாரிஸுக்கு வந்தவள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி இருக்கிறாள் என்ற தைரியத்தில், நகருக்கு வெளியே ஸ்தேனில் இருந்த உன் வீட்டில்தான் வந்து இறங்கினேன். முதல் சனிக்கிழமையே லாச்சப்பலுக்குக் கூட்டிவந்தாய். தமிழ்க் கடைகளைத் தாண்டி, தோட்டக்காரர்கள் தாங்களே விளைவித்ததைக் கொண்டுவந்து விற்கும் சந்தைக்கு நடத்திப் போனாய்.

"இஞ்சை வாங்கிப் பழகினால் நீ வேறை இடத்தில மரக்கறி வாங்கமாட்டாய்" என்று பெருமையடித்தாய்.

போஞ்சி குவிந்து கிடந்தது. கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து டக்கென்று முறித்தேன். முறித்துப் பார்க்காமல் போஞ்சி வாங்கும் பெண் நம் ஊரில் பிறக்கவில்லை. தோட்டக்காரன் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. வாங்க வருகிறவர்கள் தொடக்கூடாதாம், அவன்தான் எடுத்துத் தருவானாம். அதை எனக்கு யார் சொன்னது? இவள் உன்னோடு வந்தவளா என்று அவன் என்னைக் கைகாட்டி உன்னிடம் கேட்டான். நீ தலையை ஆட்டி "நோன்", இல்லை என்றாய். பையைத் தூக்கிக்கொண்டு பாலாடைக்கட்டி விற்கிற வரிசையில் போய் நின்றாய்.

ரயிலில் திரும்பும்போது சொன்னாய்: "எனக்கு இஞ்சை ஒரு மரியாதை இருக்கு. அதைக் கெடுத்துப் போடாதை."

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டபோது, முன்பின் தெரியாத ஒரு மனிசி எழும்பி, "ஓம், இவள் என்ரை தங்கச்சி" என்று எனக்காகப் பொய் சொன்னாள். பிடிபட்டிருந்தால் அவளுக்கு என்ன நடந்திருக்கும்? நீ ஒரு போஞ்சிக்குப் பயந்து என்னைத் தெரியாதென்றாய். வெட்கங்கெட்டவள்.

அந்த மாதமே வில்லியே லே பெல்லில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனேன். பிறகு கலியாண வீடுகளில் கண்டால் "சுகமே?" என்பாய். "ஓம்" என்பேன். அத்தோடு சரி.

இன்று வேண்டுமென்றே அந்தச் சந்தைக்குப் போனேன். அதே ஆள், தலை நரைத்திருந்தது. அவன் கண் முன்னாலேயே ஒன்றை முறித்தேன். கத்தட்டும், இப்போது எனக்கும் பிரெஞ்சு தெரியும், நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம் என்று நின்றேன்.

அவன் சிரித்தான். "முறியுங்கள் மதாம், உங்கள் ஊரில் அப்படித்தானாமே" என்றான். முன்பொரு நாள் ஒரு பெண்ணை இதற்காகக் கத்தினானாம். அடுத்த கிழமை வேறொருத்தி வந்து, "அவள் என் சிநேகிதி, அன்று நான் பொய் சொன்னேன், மன்னிக்க வேண்டும்" என்று கண்ணீரோடு நின்றாளாம். அன்றிலிருந்து சனி தவறாமல் வருவாளாம்.

"வெகுநாளாக அவளைக் காணவில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். போஞ்சி வாங்காமலே வந்துவிட்டேன்.

போஞ்சிக்காரனிடமா மன்னிப்புக் கேட்டாய், விசரி? அவனிடம் போய் அழ முடிந்த உனக்கு, என்னிடம் வர ஒரு ரயில் ஏற முடியவில்லை. எத்தனை கலியாண வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை கழுவினோம், அங்கேயாவது சொல்லியிருக்கலாம். என் கோபம் துளியும் குறையவில்லை. இன்றைக்குக் கூடித்தான் இருக்கிறது. ஏசுவதற்கு ஆளில்லாமல் என்னோடேயே கிடக்கிறது.

நீ வந்திருந்தால் வாசலில் வைத்தே நன்றாக ஏசியிருப்பேன். ஏசி முடித்துவிட்டு, உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் ஒரே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாமல் போனது?