பெட்டிக்கு ஒட்டிய பொட்டு

மதினி,

இன்று காலை கரண்ட் போய்த் திரும்பியதும் உங்கள் பெட்டிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. முதலில் ஹாலில் ஒரு 'டிங்'. அடுத்தது அத்தையின் அறையில். கொஞ்சம் பிந்தி அடுப்படியில். மூன்றோடு சரி. மாடியில் என் அறையிலிருக்கும் நான்காவது பெட்டியில் விளக்கு மட்டும் எரியும், சத்தம் வராது. அதன் வயரை ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிப் போட்டவள் நான். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது என்று இன்று பதினொரு மணி வரை நம்பியிருந்தேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த அவனியாபுரம் வீட்டுக்கு வந்த நான்காவது மாதம் அந்தப் பெட்டிகளை வாங்கி வந்தீர்கள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய, கறுப்பான நான்கு பெட்டிகள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு அவை விளையாட்டுச் சாமான்கள் போல. வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர்களின் பின்னால் இவற்றைச் செருகிவிட்டால், வைஃபை வழியாக எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் வரும் என்றீர்கள்.

"இதென்னடி, வீடு பூராம் ரேடியோ மாட்டப் போறியா? டீக்கடையா வச்சிருக்கோம்?" என்றார் அத்தை.

"டீக்கடைல பாட்டு மட்டுந்தாம்மா வரும். இதுல தண்ணி வரும்."

குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் அத்தை குடங்களை நிரப்ப வேண்டும், உங்கள் தம்பி இருந்தால் மோட்டாரைப் போட வேண்டும், நான் மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திருப்ப வேண்டும். கதவுகளை மூடிக்கொண்டு ஆளுக்கோர் அறையில் இருக்கும் வீட்டில் அத்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். நான் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவள், போனை எப்போதும் சத்தமில்லாமல் வைத்திருப்பேன். இனி உங்கள் போனில் ஒருமுறை "தண்ணி வந்துருச்சு" என்று சொன்னால் போதும், நான்கு அறையிலும் கேட்கும்.

காரணம் நியாயமானதுதான். அவ்வளவு நியாயமாக இருந்ததாலேயே எனக்கு உறுத்தியது.

புதிதாக ஒரு ஸ்பீக்கரும் வாங்கவில்லை நீங்கள். ஹாலுக்கு, டிவிடி பிளேயர் செத்துப்போன பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஹோம் தியேட்டர். அடுப்படிக்கு, உங்கள் தம்பி கல்லூரியில் வாங்கிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். அத்தையின் அறைக்கு, கேசட் மூடி உடைந்த டேப் ரெக்கார்டர். அதன் வயிற்றைத் திறந்து ஒரு வயரைப் பற்றவைத்தீர்கள். எங்கள் அறைக்கு மட்டும் மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கூடவே சின்ன ஆம்ப்ளிஃபயர். வீட்டில் இருந்ததிலேயே நல்ல ஸ்பீக்கர் அதுதான். நல்லதை எதற்கு எனக்குக் கொடுக்கிறார் என்று அன்றே யோசித்தேன்.

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று ரவுட்டரைக் கொண்டுவந்து எங்கள் அறைக் கதவுக்கு வெளியே, மாடிப்படியின் முடிவில் மாட்டினீர்கள். வீட்டில் அத்தனை சுவர் இருக்க, அந்தச் சுவர்.

அடுப்படி ஸ்பீக்கர் மட்டும் மற்றவற்றை விட ஒரு இமைப்பொழுது பிந்தியது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு, போனில் எண்களை மாற்றினீர்கள். "அடுப்படி பிந்துது... இன்னும் பிந்துது..."

"நம்ம வீட்டு அடுப்படி எப்பவுமே லேட்டுதானக்கா" என்றார் உங்கள் தம்பி.

"ஏன்டா சொல்ல மாட்ட? நாளைக்கு நீயே வந்து இட்லி ஊத்து" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது, காதை அவ்வளவு கூர்மையாக வைத்துக்கொண்டு நிற்கும் உங்களைத்தான்.

என் பெட்டியின் விளக்குக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்று இருந்தது. மைக் என்று முடிவுகட்டினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் உஷாராகிவிடுவீர்கள் என்று நினைத்து, ஒரு ஒட்டுப்பொட்டை எடுத்து ஓட்டையின் மேல் ஒட்டினேன். மறுவாரம் துணி கொடுக்க வந்த நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள்.

"என்னத்தா, பெட்டிக்கெல்லாம் பொட்டு வச்சிருக்க?"

"கண்ணுபடக் கூடாதுன்னு, மதினி."

"பாத்து. அடுத்து பூ கேக்கப் போகுது."

அதற்குப் பிறகு நான் படித்தது இன்னும் மோசம். ஸ்பீக்கரையே திருப்பிப் பயன்படுத்தினால் அதுவே மைக்காக வேலை செய்யும் என்று எங்கோ எழுதியிருந்தது. நிறையப் படிப்பவர்களுக்கு வரும் கேடு இது. பயப்பட ஒரு காரணம் கிடைத்தால் ஆதாரத்தோடு பயப்படுவோம்.

அந்த நாட்களில்தான் நானும் உங்கள் தம்பியும் தனியாகப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, மூடிய கதவுக்குள், தாழ்ந்த குரலில் பேசினோம். மறுநாள் காலை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டீர்கள்: "சமயநல்லூர்ல தண்ணி எப்படித்தா? இங்கன மாதிரி ரெண்டு நாளைக்கு ஒருக்காவா, இல்ல தெனமுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். வயரைப் பிடுங்கினேன்.

அதன்பிறகு தண்ணீர் வரும்போதெல்லாம் நீங்கள் மாடியேறி வரத் தொடங்கினீர்கள். முதல்முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தீர்கள். பெட்டியின் மேலிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தீர்கள். "வால்வத் திருப்பிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினீர்கள். வயர் தொங்கியதை நீங்கள் கவனிக்கவில்லை என்று ஆறுதல்பட்டேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் உடனே கதவைத் தட்டவில்லை. காலடிச் சத்தம் வந்து நிற்கும். கதவின் அடியில் இரண்டு கால்களின் நிழல் விழும். அது அசையாமல் நிற்கும். நான் உள்ளே பேனாவை வைத்துவிட்டு, மூச்சுவிடாமல் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரை நிமிடம், சில நாள் ஒரு நிமிடமும். பிறகுதான் தட்டுவீர்கள்.

"யாரு?" என்பேன், தெரிந்துகொண்டே.

"நான்தான்த்தா. தண்ணி வந்துருச்சு."

பெட்டி பயன்படாமல் போனதால் நேராகவே ஒட்டுக்கேட்க வருகிறார் என்று எண்ணினேன். உங்கள் தம்பியிடமும் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார். அதையும் சந்தேகப்பட்டேன்.

சமயநல்லூர் வீடு அமையாமல் இங்கேயே கழிந்த அந்த இரண்டு வருடத்தில் சந்தேகத்தை மறந்த நாள் ஒன்றே ஒன்று உண்டு. பொங்கலன்று நம் ஊர் ஜல்லிக்கட்டின் வர்ணனையை டிவியிலிருந்து எடுத்துக் கீழ்வீடு முழுக்க விட்டீர்கள். அத்தை பொங்கல் கிண்டிக்கொண்டிருக்க, வாடிவாசல் திறந்து மாடு வரும் சத்தம் அடுப்படியில் பாய்ந்தது. "ஆத்தாடி, மாடு அடுப்புக்கிட்டயே வந்துருச்சு!" என்று அத்தை கரண்டியோடு ஹாலுக்கு ஓடிவந்தார். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்தபடியே நின்றீர்கள்.

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "படியேறும்போது மூச்சு வாங்குமா இவங்களுக்கு? எம்புட்டு நாளா?" அத்தை, அப்படியெல்லாம் இல்லையே என்றார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் கதவடியில் விழுந்த நிழலை நினைத்துக்கொண்டு, தெரியாது என்றேன். இந்த வீட்டில் அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நான். பார்த்ததைத் தப்பாகப் படித்துவைத்திருந்தேன். அடுத்தவர் எழுத்தில் பிழை தேடுவது என் தொழில்.

மறுநாளே நீங்கள் போய்விட்டீர்கள்.

ஒரு மாதம் கழித்து உங்கள் தம்பி சொன்னார். "வீடு பாக்குற விஷயத்த அன்னைக்கி நான்தான் அக்காட்ட சொன்னேன். என்ன செய்யலாம்னு கேக்கத்தான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"போங்கடான்னாங்க. தண்ணி வசதி மட்டும் பாத்துக்கிறச் சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கோவிப்பன்னு பயந்துட்டேன்."

அவர் பயந்ததால் நான் உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சில நாள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். வயரைப் பிடுங்கிய கை அவருடையது இல்லையே.

எட்டு மாதமாக வீட்டில் மறுபடி அத்தையின் குரல்தான். உங்கள் போன் ஹால் அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. யாரும் தொடுவதில்லை. இன்று பெட்டிகள் 'டிங்' என்றதும் அத்தை, "அடுப்படில பாட்டுக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. போட முடியுமாடா?" என்று மகனிடம் கேட்டார். அவர் என்னிடம் வந்து, "அக்கா போன எடுக்க எனக்கு மனசு வரல. நீ பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

உங்கள் போனுக்குப் பூட்டு எதுவும் இல்லை. என் போனுக்கு இரண்டு பூட்டு.

ஸ்பீக்கர் ஆப்பைத் திறந்தேன். அறைகளின் பெயர்களை நீங்களே தமிழில் அடித்து வைத்திருந்தீர்கள். ஹால். அடுப்படி. அம்மா ரூம். நான்காவதாக: 'மாடி - நேர்ல சொல்லணும்'.

கீழே 'தண்ணி' என்று ஒரு குரூப். அதில் மூன்று அறைகளுக்கு டிக் இருந்தது. மாடிக்கு இல்லை.

அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயர் தொங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பச் செருகச் சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, அத்தையிடமும் மூச்சுவிடவில்லை. என் அறையைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டு, பத்தொன்பது படி ஏறி வந்திருக்கிறீர்கள். எத்தனை முறை என்று கணக்கிடத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். படி ஏறியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, மதினி, கோவிக்காதீர்கள். என்றாவது ஒருநாள் நான் இதைப் பார்ப்பேன் என்றுதான் அப்படிப் பெயர் வைத்தீர்களா? இல்லை, மறந்துவிடாமலிருக்க உங்களுக்கே எழுதிக்கொண்ட குறிப்பா? இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. முதலாவது நான் செய்யக்கூடியது.

அத்தைக்குப் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தேன். உங்கள் தம்பி கட்டிலில் படுத்திருந்தார். பெட்டியிலிருந்த பொட்டை உரித்தேன். பசை காய்ந்து வட்டமாக அழுக்குப் பிடித்திருந்தது. ஓட்டைக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில் 'ரீசெட்' என்று அச்சிட்டிருந்தது. வயரை ஸ்பீக்கரில் செருகி, பெட்டியின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டேன். 'டிங்' என்றது. நான்காவது.

பன்னிரண்டு மணி வாக்கில், நான் கீழே ஹாலில் இருந்தபோது, தெருவில் குடங்களின் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து பார்த்துவிட்டு உங்கள் போனை எடுத்தேன். 'தண்ணி' குரூப்பைத் தொட்டு, "தண்ணி வந்துருச்சு" என்றேன். என் குரல் மூன்று அறையிலும் கேட்டது. அடுப்படி பிந்தவில்லை. அத்தை குடத்தோடு வெளியே வந்து, என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டுக் குழாய்க்குப் போனார்.

மாடிக்கு டிக் போட ஒரு விரல் போதும். போடவில்லை. பெயரையும் மாற்றவில்லை. போனை அலமாரியில் வைத்துவிட்டுப் படியேறினேன். மூடியிருந்த கதவுக்கு முன்னால், ரவுட்டரின் பச்சை விளக்குக்குப் பக்கத்தில், நீங்கள் நிற்குமிடத்தில் நின்றேன். என் நிழல் கதவடியில் உள்ளே போவது எனக்கே தெரிந்தது. தட்ட உடனே கை எழவில்லை.

உள்ளிருந்து உங்கள் தம்பியின் குரல் கொஞ்சம் சந்தேகத்தோடு வந்தது.

"யாரு அங்க நிக்கிறது?"

"நான்தான்" என்றேன். "தண்ணி வந்துருச்சு."