வெறும் தண்ணீரிலும் வந்த கலங்கல்

அடியே மகேசு, எங்கள் சோதனைச்சாலையின் எழுத்துக்காரியே,

ஆடி பிறந்தால் நீ போய் ஒரு வருடம். நான் கள்ளக்குறிச்சியிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். வேதியியல்தான். சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் நான் சோதனைக் குழாயைப் பிடிப்பேன், நீ எழுதுவாய். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை போதுமானதாக இருந்தது. இப்போது இரண்டு வேலையையும் நானே பார்க்கிறேன். இங்கே டிஸ்டில்டு வாட்டர் கேட்ட அளவுக்குக் கிடைக்கிறது. அதற்கு என்னைவிட நீதான் சந்தோஷப்பட்டிருப்பாய்.

நான் எழுத உட்கார்ந்தது கல்லூரிக் கதை சொல்ல இல்லை. உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல. சில நாளைக்கு முன்னால் உன் அப்பா போன் செய்தார்.

"பாப்பா, மகேசு அம்மா சரியா சோறே துன்றதில்ல. பலாப்பழத்த குடுத்து நானே எம் பொண்ண கொன்னுட்டேன்னு சொல்லிக்கினே கீறா. நான் சொன்னா கேக்கல. நீ படிச்ச புள்ள, ஒரு தபா வந்து பேசேன்."

எந்தப் பழம் என்று உனக்குத் தெரியும். போன ஆடியில் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு என்னையும் மலைக்கு அழைத்துப் போனாயே, அன்று உன் அம்மா நமக்கென்று எடுத்து வைத்து அறுத்த பழம். விடுதிக்குத் திரும்பிய சில நாளில் உனக்குக் காய்ச்சல். எந்தக் காய்ச்சல் என்று டாக்டருக்குத் தெரியவருவதற்குள் போய்விட்டாய். படித்த பிள்ளை போய் உன் அம்மாவிடம் என்ன பேசுவது? நான் படித்ததில் இதற்குப் பதில் எங்கே இருக்கிறது?

யோசித்துக்கொண்டே இருந்தபோது பிளஸ் ஒன்னில் உப்புப் பகுப்பாய்வு செய்த நாள்தான் ஞாபகம் வந்தது. நோட்டில் மூன்று கட்டம் போடுவோம்: சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தோம், என்ன பார்த்தோம், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம். நம் வகுப்பில் நடந்ததோ தலைகீழ். என்ன உப்பு என்று பிளஸ் டூ அக்காக்களிடம் கேட்டுக்கொண்டு வந்து, கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்புவோம். பிறகு அதற்குத் தோதாக நடுக்கட்டத்தை எழுதுவோம். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான்.

அன்றைக்குக் குளோரைடு என்று ஊரெல்லாம் பேச்சு. குளோரைடு இருந்தால் சில்வர் நைட்ரேட்டில் தயிர்போலத் திரளும். அதை விட்டதும் 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று வகுப்பே எழுதி முடித்துவிட்டது. நீ மட்டும் பேனாவை மூடிவிட்டுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய்.

"தயிரு எங்கடி கீது? லேசா கலங்கினாப்ல கீது, அவ்ளோதான்."

"எழுதுடி, எனக்கு தியாகதுருகம் பஸ் போயிடும்."

"பாக்காதத எப்டி எழுதுறது? இரு, உப்பே போடாம வெறுந் தண்ணில ஒரு தபா வுட்டுப் பாக்கலாம்."

வெறும் தண்ணீரிலும் அதே கலங்கல் வந்தது. உப்பு நீக்கி வடித்த டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோனதால் யாரோ அந்த பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். குளோரைடு தண்ணீரிலேயே இருந்திருக்கிறது. டீச்சர் இரண்டு குழாயையும் வாங்கிப் பார்த்தார். பிறகு எல்லார் நோட்டிலும் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. வகுப்பே உன்னைத் திட்டித் தீர்த்தது. நீ அசரவில்லை. 'உப்பு சேர்க்காத நீரிலும் இதே கலங்கல் தோன்றியது. எனவே இச்சோதனையைக் கொண்டு முடிவு கூற இயலாது' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாய். பக்கத்தில் இருந்த எனக்கே அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பாதியாக இளைத்திருந்தார். "வா பாப்பா" என்றதோடு சரி. அப்புறம் அதே பேச்சு. பலாப்பழம் சூடு என்று ஒருத்தி சொன்னாளாம். உச்சிவேளையில் ஓடை தாண்டியதால் பேய்க் காற்றுப் பட்டுவிட்டது என்று இன்னொருத்தி. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் அம்மா அதில் தன் கை பட்டதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"யம்மா, அந்தப் பழத்த யார் யாரு துன்னது?"

"நீ, அவ, அவங்கப்பா."

"யாரு ஜாஸ்தி துன்னது?"

கொஞ்சம் யோசித்தார். "நீதான்."

"எனக்கு இன்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் ஒன்னும் ஆவல."

மகளைப் பறிகொடுத்தவர் முன்னால் உட்கார்ந்து, நான் உயிரோடு இருப்பதையே சாட்சியாகக் காட்டுகிறேன். நாக்கு கூசிவிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அந்த வெறும் தண்ணீர்க் குழாயாக நான்தான் நிற்க வேண்டியிருந்தது, மகேசு. நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியை இதைவிட மெதுவாகக் கேட்டிருப்பாயோ?

உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எதாலதான் போனா எம் பொண்ணு?"

"தெரியலம்மா. காச்சல் வந்துது. அது ஒன்னுதான் நாம பாத்தது."

"படிச்ச புள்ள நீயே தெரியலன்ற."

"தெரியாதத தெரியும்னு எப்டிம்மா சொல்றது? ஆனா அதே பழத்த துன்னுட்டு நான் உன் எதுர்ல குந்திக்கினு கீறேன்."

ஒரே பழம், மூன்றே பேர், இது போதுமா என்று நீ மூக்கை நுழைப்பாய். போதாதுதான். ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதற்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லையே.

உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அழுதார். நீ போன நாளிலிருந்து தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தவர், 'நான் கொன்னுட்டேன்' என்ற சொல் இல்லாமல், 'எம் பொண்ணே, எம் பொண்ணே' என்று மட்டும் அழுதார். உனக்காக அவர் அழுது அன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார் பக்கத்தில் நின்ற உன் அப்பா. நானும் உன் அம்மா மடியில் விழுந்து அழுதேன். நீ இல்லாதது எவ்வளவு வலிக்கிறது என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

மகேசு, இனி ஒவ்வொரு ஆடிக்கும் நான் மலையேறுவேன். நீ ஏன் போனாய் என்பதற்கு எவளாவது காரணம் சொல்ல வாயைத் திறந்தால், நீ கண்ணால் என்ன பார்த்தாய் என்று கேட்பேன். உன் அம்மா உனக்காக அழுவதற்கு நடுவே இனி ஒருத்தரையும் வரவிடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் இன்னொரு பொண்ணு,
கலை