காலித் தட்டுக்கு வந்தவன்

போலந்து, டிசம்பர் 1945

என் கண்ணே,

மாளிகையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, நம் பழைய சமையல்காரி பெலாஜியாவின் வீட்டில்தான் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று வழக்கம்போல ஒரு காலித் தட்டு வைத்தாள். அது உனக்குத்தான் என்று என் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

கதவைத் தட்டியவன் உன் படைப்பிரிவுக்காரன். "சீமாட்டி, உங்க மகன்..." என்று ஆரம்பித்தான்.

"முதல்ல சாப்பிடுப்பா."

பீட்ரூட் சூப்பைக் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தான்.

"பெலாஜியா, தம்பிக்கு இன்னும் ஊத்து."

"சட்டி காலிம்மா" என்று அழுதாள். எதற்கெடுத்தாலும் அழுகை அவளுக்கு.

அவன் நம் குல முத்திரை மோதிரத்தைத் தட்டருகே வைத்துவிட்டுப் போய்விட்டான். இப்படியா அஜாக்கிரதையாகக் கழற்றிக் கொடுப்பாய்? கறையெல்லாம் கழுவி வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்.

உன் அம்மா