அம்மாவின் ரத்தத்தில் இருந்த உப்பு

முடிச்சூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், வழக்கமாக எழுதுகிற வார்த்தைதான், இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கேஷவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் பாதியில் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அவள் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுவாள். போன மாதம் எட்டு நாள் அம்மா வீடியோவில் வரவில்லை, பல்வலி, முகம் வீங்கியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அம்மா தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கோபித்துக்கொள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

அம்மாவுக்குப் பிரஷர் குறையவே இல்லை என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அதே சமயம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது, உப்பு விஷம், அதை அடியோடு நிறுத்திவிட்டுத் தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் பிரஷர் ஓடிவிடும் என்று ஒருவர் பேசினார். நான் அதை நம்பி உப்பு டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன். அம்மா முகம் சுளித்தாள், ஆனால் எனக்காகச் சாப்பிட்டாள். இரண்டு வாரத்தில் தலைவலி, குமட்டல், நடக்கும்போது தள்ளாட்டம். நான் என்ன செய்தேன் தெரியுமா, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு சொம்பு கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் திருமுடிவாக்கத்துக்கு ஷிப்டு கிளம்பிக்கொண்டிருந்தேன், அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாருயா, இன்னா வோணும் உனக்கு" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை எழில். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள் என்னைத் தெரியாதவன் மாதிரி பார்த்தாள். பக்கத்து வீட்டு ஸ்நேகாதான் ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தாள்.

அங்கே டாக்டர் வேதா என்று ஒருவர், உன் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சோடியம் நூத்திப் பதினொண்ணுதான் இருக்கு சார், நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும்" என்றார். சோடியம் என்றால் நாம் சாப்பிடுகிற உப்பில் இருப்பதுதானாம். ரத்தத்தில் அது குறைந்தால், தண்ணீர் உப்பு இருக்கிற பக்கம் தேடி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்துவிடுமாம், மூளையின் செல்களும் ஊதிக்கொள்ளும், மண்டை ஓடு விரிந்து கொடுக்காது, மூளை நெரிபட்டு ஆள் அடையாளம் தெரியாமல் போகுமாம். அப்படியானால் சீக்கிரம் உப்பை ஏத்துங்கம்மா என்று கெஞ்சினேன். "அவசரப்பட்டா வேற ஆபத்து சார், நரம்பு கெட்டுடும். ஒரு நாளைக்கு எட்டு பாயிண்ட்டுக்கு மேல ஏறாம பாத்துக்கணும்" என்றார். உப்புக் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கியது, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் கஞ்சி கொடுத்தேன், ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாயா இது, உப்பே இல்ல" என்றாள். நான் வார்டு என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். என்னால்தானே இப்படி ஆயிற்று என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பூசி மெழுகவில்லை. "அந்த மாத்திரையும் உப்பை வெளியே தள்ளும், நீங்களும் நிறுத்திட்டீங்க, தண்ணியும் ஏத்திட்டீங்க. மூணும் சேர்ந்துடுச்சு. இனிமே கேக்காம எதையும் பண்ணாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சிட்டிகை உப்பு குறைந்தால் ஒரு மனுஷிக்குப் புருஷன் முகம் மறந்துபோகுமா? ஸ்நேகா பொத்தேரியில் காலேஜில் பயாலஜி முதல் வருஷம் படிக்கிறாள், அவளிடம் கேட்டுக் கேட்டுத் துளைத்தேன். அவள் தன் டீச்சர் அமலராணி மேடத்திடம் சொல்லியிருக்கிறாள். கூட்டிக்கொண்டு வா என்று அவர் சொல்ல, நேற்று சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு பெருங்களத்தூரில் ரயில் ஏறிப் போனோம். மேடம் பெல்லாரி வெங்காயத்தின் ஊதாத் தோலை உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். செங்கல் அடுக்கின மாதிரி வரிவரியாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஊதா நிறம் ததும்ப. ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த ஊதா, சுவரை விட்டு விலகிச் சுருங்கியது. பிறகு வெறும் தண்ணீரை விட்டார், மெல்ல மெல்ல விரிந்து மறுபடி சுவர்வரை வந்து நிறைந்தது. நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இத்தினியூண்டு தோலுக்குள்ள இவ்ளோ கீது, இதைத்தான் தினம் குப்பையில போட்டேனா" என்றாள்.

உனக்குத் தெரியும், லேத்தில் நான் பத்து மைக்ரானுக்காக, அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்காக, உயிரை விடுகிறவன், அதற்கு மேல் போனால் ஷாஃப்ட் ரிஜெக்ட். செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வு எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். ஒரு மைக்ரானில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையாம். அதை யாரும் வெல்டு வைக்கவில்லை, திருகாணி போடவில்லை. கொழுப்புக்குத் தண்ணீர் பிடிக்காது என்ற ஒரே காரணத்தால் தானாகவே அடுக்கி நிற்கிறதாம். நம் உடம்பில் அந்தச் சவ்வுக்குள்ளே சின்னப் பம்புகள் இருக்கின்றனவாம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதையே ஓயாமல் செய்யும். சும்மா படுத்திருந்தாலும் நாம் தின்கிற சோற்றின் பலத்தில் பெரிய பங்கு இந்த வேலைக்கே போகிறதாம். அது நடப்பதால்தான் நினைப்பு, பேச்சு, ஆள் அடையாளம் எல்லாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் மெஷினோடு இருந்தும் என் உடம்புக்குள் இப்படி ஒன்று ஓடுவது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

இன்று காலை அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், நெஞ்சு ஏறி இறங்கியது. வெளியில் பார்த்தால் சும்மா படுத்திருக்கிறாள், உள்ளே எத்தனை கோடி இடத்தில் அந்த வேலை நடக்கிறதோ என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுப்ப மனம் வரவில்லை. டீயை நானே போட்டேன்.

பொய் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துவிடு, இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும். உன் தைராய்டு மாத்திரையை நீயாக நிறுத்தாதே. கடிதம் கைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு, திட்டுவதாக இருந்தால் என்னைக் கூப்பிடு.

உன் அப்பா
குப்புராஜ்